அணுவைப் பற்றித் தீர்ப்புக் கூறாத இமாம்

நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டென்பது 1909-இல் தெரியவந்தது. அதிலுள்ள தோரியத்தின் அணுக்கரு, எவர் கையும் படாமலே சிதைந்து வேறு தனிமமாக மாறிவருகிறது. பகுக்க முடியாத நுண்துகளே பொருள்களின் அடிப்படை என்று அகீதா நூல்களில் ஓதுகிறோமே, அது பொய்த்துவிட்டதா என இளைஞர் சிலர் வினவுவதுண்டு. அன்னோர் இமாம் பக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்களின் வாழ்வை அறிதல் நலம்.

ஈரானின் ரை நகரில், 1149-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர்கள் இமாமவர்கள். அந்நகரின் கத்தீபாயிருந்த தந்தையாரே முதல் ஆசிரியர். மார்க்கக் கல்வியோடு தத்துவமும் மருத்துவமும் பயின்று, இப்னு ஸீனாவின் கானூனுக்கு விளக்கவுரை எழுதினார்கள். தப்ஸீர் கபீரின் ஆசிரியர் என்றே நம் மதரஸாக்கள் அவர்களை அறியும்.

அந்நாளில் சடப்பொருளைப் பற்றி இரு கட்சிகள் இருந்தன. பொருளைப் பகுத்துக்கொண்டே சென்றால் ஓரிடத்தில் பகுப்பு நின்றுவிடும், அவ்விறுதித் துகளே ஜவ்ஹர் ஃபர்த் என்றனர் கலாம் அறிஞர்கள். பகுப்புக்கு முடிவில்லையெனில் கடுகுக்கும் மலைக்கும் அளவில் வேற்றுமை ஏது என்பது அவர்களின் வினா. இரு துகள்களுக்கு நடுவே ஒன்றை வைத்தால் வலப்புறம் ஒன்றும் இடப்புறம் மற்றொன்றும் அதைத் தொடும். புறம் இரண்டாயின் அதுவும் பகுபடுவதே என்றனர் தத்துவவாதிகள். துகளை மறுத்தால், உலகம் அனாதியானது என்னும் கொள்கைக்கு வழி திறந்துவிடும் என்று கலாம் அறிஞர்கள் அஞ்சினர்.

ராஸீ இமாமோ, அஷ்அரீ வழியினராயிருந்தும், இளமையில் எழுதிய மபாஹிதுல் மஷ்ரிகிய்யாவில் துகளை மறுத்தார்கள். பின்னைய நூல்களில் அதனை ஆதரித்தார்கள். இப்பிரச்சினையில் அவர்கள் முடிவு கூறாது நிறுத்திக்கொள்ளும் பக்கமே சாய்ந்தார்கள் என்று, நாம் ஓதும் ஷரஹுல் அகாயிதில் தஃப்தாஸானீ (ரஹ்) குறித்திருக்கிறார்கள்.

இதனைத் தயக்கம் என எண்ணற்க. இறைவனைச் சடலமுடையவன் எனக் கூறிய கர்ராமிய்யாக்களிடம் அவர்கள் சிறிதும் விட்டுக்கொடுத்தார்களில்லை. 1199-இல் ஃபீரோஸ்கோஹில் நடந்த அத்தகையதொரு வாதம் கலகமாகவே முற்றியது. கோரீ சுல்தான் கியாஸுத்தீன் இமாமவர்களை ஹிராத்துக்கு அனுப்பி ஊரை அமைதிப்படுத்த நேர்ந்தது. இறைவன் சடப்பொருள் அல்லன் என்பது ஈமான். சடப்பொருள் எதனாலானது என்பது ஆராய்ச்சி.

மணவாளக்குறிச்சி மணலில் சிதைவது விஞ்ஞானிகள் கூறும் அணு. கலாம் அறிஞர்களின் துகள் வேறு. எலக்ட்ரானுக்கு உட்பகுதி எதுவும் இதுவரை காணப்படவில்லை. நாளை என்ன காண்பார்களோ! குர்ஆனிலுள்ள தர்ரா என்னும் சொல்லை நாம் அணு எனப் பெயர்க்கிறோம். அரபிகளிடம் அது சிற்றெறும்பையும் ஒளிக்கதிரில் மிதக்கும் தூசியையும் குறித்தது. அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு மேடையில் அணுவிஞ்ஞானம் பேசுவது எனக்கு உடன்பாடன்று.

ஹிஜ்ரி 606-இல் நோயுற்ற இமாமவர்கள், மாணவர் இப்ராஹீம் இஸ்பஹானீ எழுதிக்கொள்ள வஸிய்யத்துக் கூறினார்கள். கலாம், தத்துவம் ஆகிய இரு வழிகளையும் சோதித்ததாகவும், குர்ஆனில் கண்ட பயனுக்கு அவை ஈடாகவில்லை எனவும் அதில் உரைத்தார்கள். தம் நூல்களில் எழுப்பிய வினாக்கள் பிடித்தவர்கள் துஆச் செய்யட்டும், பிடிக்காதவர்கள் தீச்சொல்லேனும் கூறாதிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். அவ்வாண்டின் ஈதுல் ஃபித்ர் நாளில், 1210-இல், ஹிராத்தில் வஃபாத்தானார்கள்.