தீரன் சின்னமலையும் தொலைதூர அரசும்

கடல் கடந்த மன்னனின் ஆட்சியை மக்கள் ஏன் வெறுக்கின்றனர் என்று வினவினால், 1776இல் விடுதலை சாற்றிய அமெரிக்கக் குடியேற்றத்தாரை உலக வரலாறு சுட்டும். தம் குரலுக்கு இடமளியாத மன்றம் விதித்த வரியை அவர்கள் ஏற்க மறுத்தனர். அவர்கள் துறந்த அதே மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் காலத்தில், அவ்வினாவுக்கு நம் கொங்கு மண்ணிலும் ஒருவர் தம் வாழ்வால் விடை பகர்ந்தார். அவரே தீரன் சின்னமலை.

காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756இல் தோன்றிய இவரது இயற்பெயர் தீர்த்தகிரி. அந்நாளில் கொங்குநாடு மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. இங்குத் தண்டிய வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து எளியோர்க்கு ஈந்தார் என்றும், பறித்தவன் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடைப்பட்ட சின்னமலை எனச் சொல்லியனுப்பினார் என்றும் கொங்கு மக்கள் வழிவழியாகக் கூறுவர்.

அத்தகையவர் பின்னர்த் திப்பு சுல்தானோடு கைகோத்தது ஏன்? மைசூரோடு அவருக்கிருந்த பிணக்கு வரியைப் பற்றியது. கும்பெனியாரோடு மூண்ட பகையோ மண்ணின் உரிமையைப் பற்றியது. 1799 மே 4இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீரமரணம் எய்தினார். கொங்குநாடு கும்பெனியார் வசமாயிற்று. தமிழகப் பாளையங்களின் கோட்டைகளும் படைக்கலங்களும் பறிபோகத் தொடங்கின. ஆள்வோர் இலண்டன் வணிகர். முறையீட்டைக் கேட்க வேண்டிய செவி பல மாதக் கடல்வழிக்கு அப்பால் இருந்தது.

1800 ஜூன் 3, முஹர்ரம் பத்தாம் நாள். அன்று கோவைக் கோட்டையைக் கைப்பற்ற இந்துக்களும் முஸ்லிம்களும் இணைந்து முனைந்தனர். மைசூர்ப் பகுதியில் போரிட்ட தூந்தாஜி வாக்கின் துணையை அவர்கள் நம்பியிருந்தனர். முயற்சி தோற்றது; 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். இவ்வெழுச்சியில் சின்னமலைக்கும் பங்குண்டு என்பர்.

அதன் பின்னரும் சின்னமலை ஓயவில்லை. ஓடாநிலையில் கோட்டை அமைத்து, காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கும்பெனிப் படையை எதிர்த்தார். இறுதியில் சூழ்ச்சியால் பிடிபட்டு, 1805இல் சங்ககிரிக் கோட்டையில் உடன்பிறந்தாரோடு தூக்கிலிடப்பட்டார். ஆடிப்பெருக்கு நாளில் கொங்கு மக்கள் இன்றும் அவரை நினைவுகூர்கின்றனர்.

அரசு தொலைவில் இருப்பது மட்டுமே குற்றமன்று. அது குடிகளின் குரலுக்குச் செவி சாய்க்காமையே குற்றம். அருகிலிருந்து ஆள்வோர்க்கும் இது பொருந்தும். மாணவச் செல்வங்கள் சின்னமலையின் வாழ்விலிருந்து பெறத்தக்க பாடம் இதுவே என நாம் கருதுகிறோம்.