ஊரைப் பாடமாக்கிய பேராசிரியர்

அரூர் வட்டத்தின் வழியே ஓடும் தென்பெண்ணையாறு, கீழ்த்திசையில் இன்றைய விழுப்புரம் மாவட்டத்துள் பாய்கிறது. அம்மாவட்டத்துச் சிற்றூர் இருவேல்பட்டு. அவ்வூரைப் பொருளியல் அறிஞர் பலரும் அறியச் செய்தவர் கில்பர்ட் சிலேட்டர்.

இவர் 1864ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார்; தொழிலாளர் பயிலும் ரசுக்கின் கல்லூரியின் முதல்வராய் விளங்கினார்; 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரானார்.

அந்நாளில் மாணவர் கற்ற பொருளியல் நூல்கள் மேலைநாட்டு ஆலைகளையும் வாணிகத்தையுமே விரித்துரைத்தன. தம் ஊர் உழவன் பெறும் கூலி எவ்வளவு, பட்ட கடன் எவ்வளவு என்பவற்றை அவை கூறா. சிலேட்டர், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவரிடம் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அவர்களும் வீடுகளை எண்ணினர். நிலம், விளைச்சல், கூலி, கடன் யாவற்றையும் கேட்டெழுதினர். நம் ஊரை நாம் உற்று நோக்குதற்கு அயல்நாட்டார் ஒருவர் தூண்ட வேண்டியிருந்தது!

இருவேல்பட்டில் எழுதிய கணக்கு நெஞ்சை உருக்குவது. திருமணச் செலவிற்காகச் சிறு தொகை கடன் பெற்ற ஏழை, நிலக்கிழாரிடம் படியாளாகக் கட்டுண்டான். கடன் தீர்ந்தபாடில்லை, தந்தைக்குப்பின் மகனும் அதனைச் சுமந்தான்.

இவ்வாராய்ச்சிகள் 1918இல் நூலாயின. சிலேட்டர் 1921இல் சென்னைப் பணியினின்று நீங்கி, 1938இல் மறைந்தார். இருவேல்பட்டை 1936-37இலும் 1961இலும், அதன் பின்னரும் அறிஞர் மீண்டும் ஆராய்ந்தனர். ஊர் எவ்வளவு மாறிற்று என்று அளத்தற்கு அவர்கள் கைக்கொண்ட அளவுகோல், அன்று விடுமுறையில் எழுதப்பட்ட அக்கணக்கே.