பாதியைத் தள்ளு!

குட்டீஸ்! ஒரு விளையாட்டு விளையாடலாமா? 1 முதல் 100 வரை உள்ள எண்களில் ஒன்றை உங்கள் நண்பனை மனதுக்குள் நினைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். அது 50ஐ விடப் பெரியதா என்று முதலில் கேளுங்கள். 'ஆமாம்' என்றால் 1 முதல் 50 வரை வேண்டாம். அடுத்து 75ஐ விடப் பெரியதா என்று கேளுங்கள். இப்படி ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளிக்கொண்டே வந்தால், ஏழே கேள்விகளில் எண் அகப்பட்டுவிடும்!

கம்ப்யூட்டரும் வரிசையாக அடுக்கிய ஒரு பட்டியலில், நாம் தேடும் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறது. இந்த முறையைக் கம்ப்யூட்டருக்காக எடுத்துச் சொன்னவர் ஜான் மாக்லி. அச்சில் வந்த முதல் குறிப்பு 1946ல் அவர் ஆற்றிய உரையில்தான் இருக்கிறது.

மாக்லி 1907 ஆகஸ்ட் 30ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிறந்தார். அப்பா விஞ்ஞானி. பையனோ பெரிய வாலு! இரவில் தூங்காமல் புத்தகம் படிப்பான். அம்மா வந்தால் திட்டு விழுமே? மாடிப்படியின் பலகை ஒன்றில் மின்கம்பியைப் பொருத்தினான். அம்மா மேலே வரும்போது அவன் அறை விளக்கு தானாக அணைந்துவிடும். கீழே இறங்கிப் போனதும் மறுபடி எரியும்!

வளர்ந்து இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற மாக்லி, ஒரு சிறிய கல்லூரியில் ஆசிரியரானார். கிறிஸ்துமஸ் சமயத்தில் பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டிப் பாடம் நடத்துவார். அதைப் பார்க்கக் கூட்டம் கூடும்.

வானிலையை முன்கூட்டியே கணிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கான கணக்குகளைக் கையால் போட்டு மாளவில்லை. மின்னல் வேகத்தில் கணக்குப் போட ஓர் இயந்திரம் இருந்தால்? 1941ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், எக்கர்ட் என்ற இளம் பொறியாளரோடு கைகோத்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்கிட ராணுவத்துக்கு ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. அதற்காக இருவரும் உருவாக்கியதே 'எனியாக்'. எடை சுமார் 30 டன்! ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள்! நொடிக்கு 5,000 கூட்டல்களைப் போட்டது. 1946 பிப்ரவரியில் உலகமே அதை வியந்து பார்த்தது.

ஆனால், அடுத்த மாதமே மாக்லி வேலையை இழந்தார். கண்டுபிடிப்பின் உரிமையை எழுதித் தரும்படி பல்கலைக்கழகம் கேட்டது. மாக்லியும் எக்கர்ட்டும் மறுத்து வெளியேறினார்கள். இருந்தாலும் அந்தக் கோடையில் அங்கேயே கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தபோது, மாக்லி போய்ப் பாடம் சொன்னார். அந்த வகுப்பில்தான் வரிசைப்படுத்துவது பற்றியும், பாதி பாதியாகத் தேடுவது பற்றியும் பேசினார்.

இதன் பலனைப் பாருங்கள். 1,000 பெயர்களில் ஒன்றை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினால், 1,000 முறைகூடப் பார்க்க வேண்டி வரலாம். பாதியைத் தள்ளினால் 10 முறை போதும். பத்து லட்சம் பெயர்கள் என்றாலும் 20 முறைதான்! ஆனால் ஒரு நிபந்தனை: பட்டியல் முதலிலேயே வரிசையாக இருக்க வேண்டும். கலைந்து கிடந்தால் இந்த வித்தை பலிக்காது.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனாலும் எத்தனை பெயர்கள் இருந்தாலும் தவறாத செய்முறையை லேமர் என்ற கணித மேதை வெளியிட்டது 1960ல்தான். 14 ஆண்டுகள் ஆகிவிட்டன!

மாக்லியும் எக்கர்ட்டும் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். பணமில்லாமல் 1950ல் அதை விற்க நேர்ந்தது. ஆனாலும் அவர்களின் 'யுனிவாக்' கம்ப்யூட்டர் 1951ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்குச் சென்றது. 1973ல் இன்னோர் அடி. அட்டனசாஃப் என்ற விஞ்ஞானியின் யோசனைகளிலிருந்து எனியாக் பிறந்தது என்று கூறி, அதன் காப்புரிமை செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாக்லி அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1980 ஜனவரி 8ல் காலமானார்.

எனியாக்கின் காப்புரிமை கைவிட்டுப் போனது. பாதியைத் தள்ளித் தேடும் வழிக்கோ அவர் காப்புரிமை எதுவும் கேட்கவில்லை; வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். அது இன்றும் கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது, நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை தடவையில் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்களேன்!