டேபிளுக்குப் பின்னால் ஒரு மனிதர்: எட்கர் காட்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பக்கம் இன்டர்ன்ஷிப் போகப் போறீங்களா? 1998-ல் ஹூண்டாய் அங்கே கார் தயாரிக்க ஆரம்பித்தது. இன்னைக்கு அங்கிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் டேட்டாபேஸ் இருக்கும். உங்க கைக்கு இப்படி ஒரு டேபிள் வரலாம்: வண்டி எண், குறை1, குறை2, குறை3. குறைக் குறியீடுகள் முன்னும் பின்னுமா கிடக்கு, நடுவில் காலி இடம் வேற. ஒவ்வொரு ரோவுக்குள்ளேயும் இதை வரிசைப்படுத்தணும். "ஆர்டர் பை" போட்டால் ரோக்கள்தான் இடம் மாறும், உள்ளே இருக்கும் மதிப்புகள் அசையாது.

ஏன்னு புரியணும்னா எட்கர் காட் பற்றித் தெரிஞ்சுக்கணும்.

1923-ல் இங்கிலாந்தின் போர்ட்லாண்ட் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டினார். 1948-ல் அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் 1953-ல் நாட்டையே விட்டுக் கனடா போனார். சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, 1965-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அப்போதைய டேட்டாபேஸ்களில் ஒரு தகவலை எடுக்க, அது எந்தப் பாதையில் இருக்குன்னு புரோகிராமருக்குத் தெரிஞ்சிருக்கணும். அமைப்பு மாறினால் புரோகிராமும் உடையும். 1970-ல் காட் வெளியிட்ட கட்டுரை இதை மாற்றியது. தகவலை டேபிளா பாருங்க, ரோக்களுக்கு வரிசை கிடையாது, நெடுவரிசையை இடத்தால் இல்லை, பெயரால் அடையாளம் காணுங்க என்பதுதான் அதன் சாரம்.

ஆனா ஐபிஎம் ஏற்கெனவே ஐஎம்எஸ் என்ற பழைய பாணி டேட்டாபேஸை விற்றுக் காசு பார்த்துக்கொண்டிருந்தது. சொந்த ஊழியரின் யோசனையைக் கையில் எடுக்கத் தயங்கியது. காட் விடவில்லை, வெளியிலும் பேசினார், வாதாடினார். பிறகு சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் ஐபிஎம்மில் எஸ்க்யூஎல்லை உருவாக்கினாங்க. ஆனா 1979-ல் அதைச் சந்தையில் முந்தி விற்றது, இன்று ஆரக்கிள் எனப்படும் கம்பெனி! காட்டுக்கு 1981-ல் டூரிங் விருது கிடைத்தது. எஸ்க்யூஎல் தன் மாதிரியை முழுசா பின்பற்றலைன்னு கடைசிவரை குறை சொன்னவர், 2003-ல் ஃபுளோரிடாவில் காலமானார்.

இப்ப நம்ம டேபிளுக்கு வருவோம். காட் கணக்குப்படி குறை1, குறை2 ரெண்டும் வேறவேற பெயர், அவ்வளவுதான். முன்னது பின்னதுன்னு எஸ்க்யூஎல்லுக்குத் தெரியாது. அதனால மூணு படி:

1. "யூனியன் ஆல்" போட்டு, மூன்று நெடுவரிசையையும் வண்டி எண்ணோடு மூன்று ரோவா விரிங்க.
2. "ரோ நம்பர்" மூலம் ஒவ்வொரு வண்டிக்குள்ளேயும் 1, 2, 3 எண் கொடுங்க, நல் மதிப்பு கடைசியில் வரட்டும். நல்லை வடிகட்டித் தூக்கிடாதீங்க. குறையே இல்லாத வண்டி ரிசல்ட்டிலிருந்து காணாமப் போயிடும்!
3. "குரூப் பை", "மேக்ஸ்", "கேஸ்" சேர்த்து மறுபடி ஒரே ரோவா மடிங்க.

ரெண்டே நெடுவரிசைன்னா "லீஸ்ட்", "கிரேட்டஸ்ட்" போதும். ஆனா நல் இருந்தால் மைஎஸ்க்யூஎல் நல்லையே தரும், போஸ்ட்கிரெஸ் அதை ஒதுக்கிடும்.

இதைவிட நல்ல வழி, குறைகளுக்குத் தனி டேபிள் வைப்பது, ஒரு குறைக்கு ஒரு ரோ. நாலாவது குறை வந்தாலும் புது நெடுவரிசை தேவைப்படாது. டிபிஎம்எஸ் பாடத்தில் முதல் இயல்வடிவம்னு மார்க்குக்காகப் படிக்கிறோமே, அது காட் கொடுத்ததுதான். அடுத்த முறை டேபிள் டிசைன் பண்ணும்போது அவரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க நண்பர்களே!