வண்ணத்துப் பூச்சியின் வேஷத்தைக் கண்டுபிடித்த பேட்ஸ்

புலிக்கு நகம் உண்டு. பாம்புக்கு விஷம் உண்டு. இரண்டும் இல்லாத வண்ணத்துப் பூச்சி பகைவனிடம் இருந்து எப்படித் தப்புகிறது? சில பூச்சிகள் வேஷம் போட்டுத் தப்புகின்றன! இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவர், ஹென்றி வால்ட்டர் பேட்ஸ்.

இவர் 1825-ம் ஆண்டு இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை காலுறைத் தொழில் செய்தவர். 13 வயதில் பேட்சின் பள்ளிப் படிப்பு நின்றது. காலுறைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் படிப்பு. லீவு நாளில் காட்டுக்குப் போய் வண்டு பிடிப்பார். 18 வயதிலேயே வண்டுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பத்திரிகையில் வெளிவந்தது.

அமேசான் காட்டில்

லெஸ்டரில் ஆசிரியராக இருந்த வாலஸ், பேட்சின் நண்பர் ஆனார். 1848-ல் இருவரும் கப்பல் ஏறி, தென் அமெரிக்காவில் உள்ள பிரேசிலுக்குப் போனார்கள். அமேசான் காடுகளில் பூச்சி பிடித்து லண்டனுக்கு அனுப்புவது, அவற்றை விற்று வரும் பணத்தில் காலம் தள்ளுவது என்பது ஏற்பாடு.

1850-ல் எகா என்ற ஊரில் பேட்ஸ் தனியாகத் தங்கி இருந்தார். 12 மாதம் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. உடை கந்தல் ஆயிற்று. காலில் போட பூட்ஸ் இல்லை. வேலைக்காரன் ஓடிப் போனான். இருந்த காசும் திருட்டுப் போயிற்று. ஊருக்கே திரும்பி விட எண்ணினார். மஞ்சள் காய்ச்சலும் அவரைத் தாக்கியது. ஆனால் பிழைத்து எழுந்ததும், மீண்டும் காட்டுக்கே போனார்!

மொத்தம் 11 ஆண்டுகள் அங்கே இருந்தார். 14 ஆயிரத்துக்கும் அதிகமான இனங்களைச் சேர்த்தார். அவற்றில் சுமார் 8 ஆயிரம், விஞ்ஞானிகள் அதுவரை அறியாதவை.

கசப்புப் பூச்சி

அந்தக் காட்டில் ஒருவகை வண்ணத்துப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக, பயமே இல்லாமல் மெதுவாகப் பறந்தன. பறவைகள் அவற்றைத் தொடவில்லை. காரணம், அவற்றின் உடம்பில் உள்ள கசப்பு. செடிகளில் இருந்து அந்தக் கசப்பை அவை பெறுகின்றன.

அந்தக் கூட்டத்தில் வேறு சில பூச்சிகளும் பறந்தன. அதே நிறம், அதே கோடு. பறக்கும்போது பேட்சாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் வேறு இனம்! கசப்புப் பூச்சிக்கு நடக்க நாலு கால். இதற்கு ஆறு கால்.

பூச்சி தானாக யோசித்து வேஷம் போடுவது இல்லை. கசப்புப் பூச்சியைப் போல் கொஞ்சம் இருந்தவை பறவைக்குத் தப்பின, முட்டை இட்டன. மற்றவை இரையாயின. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்து, சாயல் அச்சாக அமைந்து விட்டது. இதுதான் பேட்சின் விளக்கம். 1862-ல் அது அச்சில் வந்தது. டார்வின் அதை வெகுவாகப் பாராட்டினார்.

பேட்ஸ் 1892-ல் காலமானார். விஞ்ஞானிகள் இந்த வேஷத்துக்கு அவர் பெயரையே சூட்டி இருக்கிறார்கள்.