தேர்ந்து கொண்ட துறை

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அ. லலிதா, 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதில் மணம் முடிந்தது. பதினெட்டாம் வயதில், மகள் நான்கு மாதக் குழந்தையாய் இருந்தபோது, கணவர் மறைந்தார்.

கைம்பெண்களை வீட்டின் மூலையில் ஒதுக்கிவைத்த காலம் அது. லலிதாவோ குழந்தையை வளர்க்கத் தம் உழைப்பையே நம்பினார். அதற்குக் கல்வியே துணை எனத் தெளிந்தார். இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பை முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து எதைப் படிப்பது? பெண்கள் அதற்கு முன்பே அடியெடுத்து வைத்திருந்த மருத்துவத் துறை அவர்முன் இருந்தது. ஆனால், நள்ளிரவிலும் அழைப்பு வரும் அப்பணி குழந்தையிடமிருந்து தம்மைப் பிரித்துவிடும் என எண்ணினார். வரையறுத்த நேரமுடைய பணியே தமக்கு ஏற்றது என முடிவு செய்தார். கணக்கையும் அறிவியலையும் கற்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. மின்பொறியியலோ தந்தையின் துறை. எனவே அதையே தேர்ந்தார்.

கிண்டிக் கல்லூரியில் அதுவரை ஆண்களே பயின்றனர். தந்தையின் வேண்டுகோளை ஏற்று முதல்வர் கே.சி. சாக்கோ இசைவளித்தார், கல்வித்துறை இயக்குநரும் ஒப்புதல் தந்தார். 1940இல் லலிதா அங்குச் சேர்ந்தார். விடுதியில் அவரது தனிமை நெடுநாள் நீடிக்கவில்லை. பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் கட்டடப் பொறியியல் பயில வந்து சேர்ந்தனர். 1943இல் லலிதா மின்பொறியியலில் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சிடப்பட்டிருந்த சொல்லை அடித்துவிட்டு, பெண்பாற் சொல்லைக் கையால் எழுத வேண்டியிருந்தது!

ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றபின், சிம்லாவில் அரசுப் பணி ஏற்றார். தந்தையின் ஆய்வுகளுக்குச் சிறிது காலம் துணைநின்றார். 1948இல் கல்கத்தாவில் ஒரு மின்கருவி நிறுவனத்தில் சேர்ந்து, மின்தடங்களை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் உலக மாநாட்டில் கலந்துகொண்டார். தாம் விரும்பியவாறே மகளையும் படிக்க வைத்து ஆளாக்கினார்.

1977இல் ஓய்வு பெற்ற லலிதா, 1979இல் மறைந்தார். பிறர் செல்லும் வழி என்பதற்காக ஒரு துறையை அவர் ஏற்கவுமில்லை; பிறர் செல்லாத வழி என்பதற்காக ஒன்றைத் தவிர்க்கவுமில்லை. தம் ஆற்றலையும் விருப்பத்தையும் வாழ்வின் கடமையையும் ஒருங்கே சீர்தூக்கித் தேர்ந்தார். அத்தெளிவே அவருக்கு வழியமைத்தது. பின்வந்த பெண்களுக்கும் அவ்வழி திறந்தது.