ஐந்து வோல்ட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர்

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் சற்று நடந்தால் சிம் லிம் டவர். மின்னியல் படிக்கும் நமக்கு அது இன்னொரு வகுப்பறை. அங்கே வாங்கும் மூன்று கால் ரெகுலேட்டர் சிப் நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு வழிவகுத்த பாப் விட்லரைத் தெரிந்தவர்கள் குறைவு. அவரைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

விட்லர் 1937இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தவர். விமானப் படையில் மின்னணுவியல் கற்பித்துவிட்டு, 1963இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஃபேர்சைல்டு நிறுவனத்தில் 702, 709 ஆகிய ஆப்-ஆம்ப் சிப்புகளை வடிவமைத்துப் புகழ்பெற்றார். பிறகு நேஷனல் செமிகண்டக்டருக்கு மாறினார்.

ஒரு ஆம்பியர் தரும் ரெகுலேட்டரை ஒரே சிப்பில் அடக்குவது அப்போது பெரும் சிக்கல். மின்சாரம் பாயும்போது எழும் சூடு, பக்கத்திலேயே இருக்கும் அளவுகோல் மின்னழுத்தத்தைக் கலைத்துவிடும். சூட்டில் குறையும் ஒரு மின்னழுத்தத்தையும் சூட்டில் கூடும் இன்னொன்றையும் விட்லர் கூட்டினார். ஏறக்குறைய 1.2 வோல்ட், அசையாமல் நின்றது. சூடு எல்லை மீறினால் சிப் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளவும் வழி செய்தார். இப்படிப் பிறந்ததுதான் எல்எம்109. நாம் வாங்கும் 7805இலும் இதே பாதுகாப்பு உண்டு.

இதை அறியாததால், இறுதியாண்டுத் திட்டப்பணி ஒப்படைக்கும் வாரத்தில் நல்ல சிப்புகள் குப்பைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். 12 வோல்ட் கொடுத்து 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுத்தால், 3.5 வாட் சூடாக மாறுகிறது. ஹீட்சிங்க் இல்லாத சிப் அதைத் தாங்காமல் நின்றுவிடும். ஆறியதும் மீண்டும் வேலை செய்யும். செத்துப்போனதாக நாம் முடிவுகட்டிவிடுகிறோம். ஹீட்சிங்க் பொருத்துங்கள், அல்லது உள்ளே வரும் வோல்ட்டைக் குறையுங்கள். வெளியீடு நடுங்கினால், கெபாசிட்டர்கள் சிப்பின் கால்களை ஒட்டி இருக்கின்றனவா என்று பாருங்கள்.

விட்லர் முன்கோபக்காரர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றும் சொல்வார்கள். உண்மையிலேயே பழுதான உதிரிபாகம் கிடைத்தால் சம்மட்டியால் தூளாக்குவாராம். அது மறுபடி பெட்டிக்குள் போய் இன்னொருவரை ஏமாற்றக்கூடாதல்லவா! 1970 இறுதியில், 33 வயதிலேயே வேலையை விட்டு மெக்சிகோ சென்றார். அங்கிருந்தபடியே பின்னாளிலும் சிப்புகள் வடிவமைத்தார். 1991இல் 53 வயதில் காலமானார்.

தம்பி தங்கைகளே, சம்மட்டியை எடுக்குமுன் சிப் ஆறுவதற்கு ஐந்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள்.